கொல்லிமலை காலி மனை அல்ல

ஆபீஸில் ஆணி அதிகம், அதனால் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தே ரொம்ப நாளாச்சு. இன்னிக்கும் எழுதுற ஐடியா இல்லை. ஆனா போன வாரம் நண்பர் ஒருத்தர் ஒரு சுட்டி அனுப்பி, "நீ போயிட்டு வந்த இடமாச்சே, படிச்சுப் பாரு" என்றார். படித்தேன். அதிலிருந்து வயிற்றெரிச்சல். ஜெலூசிலுக்கு அடங்காத வயிற்றெரிச்சல்.

விஷயம் ஒன்றும் புதுசு இல்லை. ஒரு கணவன், ஒரு மனைவி, இரண்டு நாள் லீவு, ஒரு கார், ஒரு ரிசார்ட். எழுபது கொண்டை ஊசி வளைவு, ஜன்னலில் மேகம், ராத்திரி கேம்ப் ஃபயர், காலையில் நீச்சல் குளத்து ஓரம் காபி கோப்பையோடு ஒரு போட்டோ. நல்லாத்தான் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி போட்டிருந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஏறிடுச்சு. ஆள் நடமாட்டமே இல்லாத சொர்க்கமாம். கூட்டம் வருவதற்குள் போய்விட வேண்டுமாம். இடம்: குண்டனி நாடு, கொல்லிமலை.

அந்த நண்பரைத் திட்ட இந்தப் பதிவு இல்லை. அவர் நல்ல மனுஷர், பின்னூட்டத்தில் சண்டை போடாதவர். அந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன். வேறு வேறு ஊருக்கு, வேறு வேறு வார்த்தையில். நம்மில் பயணப்பதிவு எழுதுகிற முக்கால்வாசிப் பேர் எழுதியிருப்போம். அதனால் இது பொதுவில் வைக்கிற சண்டை. அதில் முதல் அடி எனக்கே.

முதலில் ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

நான் குப்பை கொட்டுவது ஷார்ஜாவில் என்று உங்களுக்குத் தெரியும். போன வருஷம் கல்யாண நாளுக்குத் தங்கமணியோடு ரெண்டு நாள் பாலைவன ரிசார்ட் போயிருந்தோம். டயரில் காற்றை இறக்கிவிட்டு மணல்மேட்டில் வண்டியை ஏற்றி இறக்குவார்களே, அந்தக் கூத்தெல்லாம் உண்டு. தங்கமணி கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொன்னாள். நான் சத்தம் போட்டுக் கத்தினேன் (பயத்தில்தான்). வண்டி ஓட்டியவர் மலப்புரத்துக்காரர். ஒரு இடத்தில் வேலி வந்தது. "இனி அங்கோட்டு போகான் பற்றில்லா" என்று வண்டியைத் திருப்பினார். அந்தப் பக்கம் துபாய் பாலைவனப் பாதுகாப்புப் பகுதி. 225 சதுர கிலோமீட்டர். அனுமதி வாங்கிய கம்பெனிகள் மட்டும்தான் ஆட்களைக் கூட்டிப்போக முடியும், அதுவும் விட்ட வழியில்தான். அரேபிய ஓரிக்ஸ் மான்களைத் திரும்பக் கொண்டுவந்து வளர்க்கிறார்கள்.

வழியில் ஒரு மரம். காஃப் மரம் என்றார். அமீரகத்தின் தேசிய மரம், வெட்டக் கூடாது. தங்கமணி இறங்கிப் போய் இலையைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது நம்ம வன்னி மரம்" என்றாள். வன்னியேதான். விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கிற அதே வன்னி. நூறு மைல் சுற்றளவுக்கு மணலைத் தவிர ஒன்றுமில்லை என்று நான் நினைத்த இடத்தில், ஒரு மரத்துக்குச் சட்டம் இருந்தது, ஒரு மானுக்கு வேலி இருந்தது. அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு பார்பிக்யூ சாப்பிடப் போய்விட்டேன்.

இப்போது கொல்லிமலைக்கு வருவோம்.

இந்த வருஷ லீவில் பிள்ளைகளை ராசிபுரத்தில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு (மாமியாருக்கு ஒரு நன்றி) நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி. அங்கிருந்து அந்தப் புகழ்பெற்ற 70 வளைவு. சும்மா சொல்லக் கூடாது, அனுபவித்துத்தான் ஓட்டினேன். தங்கமணி வளைவை எண்ணிக்கொண்டே வந்து 23-இல் கணக்கை விட்டுவிட்டாள், வாந்தி வருகிறது என்று. மேலே சோளக்காடு வந்ததும் அன்னாசிப்பழம், பலாச்சுளை, மிளகு. பிறகு ரிசார்ட்.

ரிசார்ட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். அது மலையில் எந்தப் பக்கம் என்றும் சொல்ல மாட்டேன். இந்தப் பதிவு அந்த ஒரு முதலாளிக்கு எதிரானது இல்லை. குறை சொல்ல அங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் பிரச்சினையே. அறை சுத்தம். சாப்பாடு நன்று. நீச்சல் குளம் நீலமாக இருந்தது. சாயங்காலம் ஒரு மணி நேரம் அதில் கிடந்தேன்.

ராத்திரி கேம்ப் ஃபயர் பக்கத்தில் ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். நல்ல சட்டை, கையில் ரெண்டு செல்போன்.

"சாருக்கு வெளிநாடுங்களா?"

"ஆமாங்க, ஷார்ஜா."

"இடம் எதாச்சும் பாக்கறீங்களா சார்? குண்டனி நாட்டுப் பக்கம் ஒரு நல்ல பிட்டு இருக்குது. ரோட்டை ஒட்டுனாப்ல. வியூ பாத்தீங்கன்னா விடவே மாட்டீங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆசை வந்தது. பதினைந்து வருஷம் பாலைவன வெயிலில் வெந்தவனுக்கு, மலையில் ஒரு வீடு, முன்னாடி ஒரு திண்ணை, மேகம் வந்து வாசலைத் தொடுகிறது என்றால் ஆசை வராதா? செண்ட் என்ன விலை என்று கேட்டேன். அவர் சிரித்தார். "செண்ட்டெல்லாம் எதுக்கு சார், ஏக்கராவாப் பேசிக்கலாம்."

மறுநாள் காலை போய்ப் பார்த்தோம். இடம் அவர் சொன்னதைவிட அழகு. சரிவில் மரவள்ளி. மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. ஒரு மூலையில் கொஞ்சம் பலா. ஓரத்தில் மூன்று கல், மஞ்சள் குங்குமத்தோடு, முன்னால் காய்ந்த எலுமிச்சம்பழம்.

"இது யார் சாமிங்க?" என்றாள் தங்கமணி.

"அது இவங்க சாமி மேடம். ஒரு ஓரமா நகத்திக்கலாம், பிரச்சினை வராது."

"நிலம் யாரோடது?"

"மலைக்காரங்களோடதுதான். பத்திரத்துல கொஞ்சம் சிக்கல் இருந்தா லீஸ் போட்டுக்கலாம். எல்லாம் நாங்க பாத்துக்குவோம்."

"வித்துட்டு அவங்க எங்கே போவாங்க?"

"எங்க மேடம் போறாங்க, இங்கேதான் இருப்பாங்க. உங்களுக்கே வாட்ச்மேனா வச்சுக்கலாம். நல்ல நம்பிக்கையான ஆளுங்க."

தங்கமணி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் மரவள்ளிக்குள் இருந்து ஒரு ஆயா எழுந்து வந்தார். களை எடுத்துக்கொண்டிருந்தார் போல. கையில் மண். எங்களைப் பார்த்து ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்.

"யாரைப் பாக்க வந்தீங்க கண்ணு?"

என்னிடம் பதில் இல்லை. நாங்கள் யாரையும் பார்க்க வரவில்லை. இடத்தைப் பார்க்க வந்தோம். அந்த வீட்டுக்காரர் முன்னாடியே நின்றுகொண்டு, அவர் வீட்டை விலை பேசிக்கொண்டிருந்தோம். "சும்மா சுத்திப் பாக்க வந்தோம் ஆயா" என்று தங்கமணிதான் சமாளித்தாள். ஆயா தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டு, குடிசைக்குப் பக்கத்தில் ஒரு குடத்திலிருந்து சொம்பில் மொண்டு கொடுத்தார். தெருக்குழாய் முன்னால் காலிக் குடங்கள் வரிசையாக இருந்தன. தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டேன். "வந்தா வரும்" என்றார். முந்தின நாள் சாயங்காலம் நான் கிடந்த தண்ணீர் எத்தனை குடம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. நல்லவேளை, கணக்கில் நான் கொஞ்சம் வீக்.

இதுதான் கதை. இனி சண்டை.

ஆள் நடமாட்டமே இல்லாத இடமா?

கொல்லிமலையின் பரப்பு சுமார் 280 சதுர கிலோமீட்டர். அதில் இருப்பவர்கள் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர். சதுர கிலோமீட்டருக்கு நூற்று நாற்பது பேர் வருகிறது. நிஜமான பாலைவனமான ஜெய்சல்மேர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்புப்படி 17 பேர். அதாவது நாம் ஆளே இல்லை என்று எழுதுகிற மலையில், பாலைவனத்தைப் போல எட்டு மடங்கு ஜனம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கோளாறு எங்கே?

மலை முழுக்க 14 நாடுகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, திருப்புளி நாடு, நம்ம குண்டனி நாடு என்று வரிசையாக. ஒவ்வொன்றும் இன்றைக்கு ஒரு பஞ்சாயத்து. நாடு என்ற சொல்லையே பாருங்கள். காலி இடத்துக்கு யாராவது நாடு என்று பெயர் வைப்பார்களா?

அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடிகள். உடனே நம்ம சேட்டன்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஷார்ஜாவில் நான் தினமும் மல்லுக்கட்டுகிற மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வம்சம் என்று அவர்களுக்கே ஒரு கதை உண்டு. தமிழ்தான் பேசுகிறார்கள். நாம் கேட்கிற மாதிரி பேசினால் பதிலும் சொல்கிறார்கள்.

"சுற்றுலா வந்தா அவங்களுக்கு வருமானம்தானே?"

இதை முதல் பின்னூட்டமாகப் போடப்போகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

வருமானம் வருகிறது, மறுக்கவில்லை. சோளக்காட்டில் அன்னாசி விற்கிற அக்காவுக்கு வருகிறது. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேலான படி இறங்கி ஏறினவனுக்குக் கேப்பைக் கூழ் ஊற்றுகிறவருக்கு வருகிறது. ஜீப் ஓட்டுகிறவருக்கு வருகிறது. நான் ரெண்டு நாளில் செலவழித்ததைத் தங்கமணி ஒரு காகிதத்தில் எழுதினாள் (அவள் அப்படித்தான்). நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ரிசார்ட்டுக்கு எண்பத்தைந்து, பெட்ரோலுக்குப் பத்து. மிச்சம் ஐந்து ரூபாய்தான் மலைக்காரர் கைக்குப் போனது. அந்த ஐந்து ரூபாய்க்காக அவர்கள் தண்ணீரையும், ரோட்டையும், போகப்போக நிலத்தையும் தர வேண்டும் என்பது என்ன வியாபாரம்?

இதற்கு முன்னாலும் இந்த மலைக்கு 'வருமானம்' வந்திருக்கிறது. சாமை, தினை, பனிவரகு விளைந்த காட்டில் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்தது. காசு வந்தது, சாமை குறைந்தது. உடனே அந்தக் காலம் பொற்காலம் என்று உருக நான் தயாரில்லை. சாமையைக் குத்தி அரிசியாக்குகிற வேலையில் பெண்களுக்கு முதுகு ஒடிந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியத்தைக் காப்பாற்ற இறங்கியபோது, விதை கொடுத்ததோடு நிற்காமல் தோல் நீக்கும் மெஷினையும் கொண்டுவந்ததற்குக் காரணம் அதுதான். அலுமினியத்துக்காக பாக்சைட் தோண்டிய காலமும் ஒன்று இருந்தது. ஆனால் மரவள்ளி போட்டவன் நிலம் அவனிடமே இருந்தது. விலை விழுந்தால் அடுத்த வருஷம் வேறு போடலாம். ரிசார்ட்டுக்கு விற்றவன் அடுத்த வருஷம் என்ன போடுவான்? வாட்ச்மேன் யூனிஃபார்ம்தான் போடுவான்.

சட்டம் என்ன சொல்லுது?

ஊருக்கு வந்ததும் வக்கீலாக இருக்கிற மச்சினனைப் பிடித்தேன். அவன் சொன்னதைக் கேட்டு, நானும் கொஞ்சம் மேய்ந்து தெரிந்துகொண்டது இது.

அரசியல் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. பழங்குடிகள் நிறைய வாழ்கிற பகுதிகளை அதில் அறிவித்தால், அங்கே நிலம் கைமாறுவதைத் தடுக்கத் தனி விதிகள் போடலாம். 1996-இல் வந்த பெசா சட்டப்படி அங்குள்ள கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் உண்டு. நாட்டில் பத்து மாநிலங்களில் இப்படிப்பட்ட பகுதிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. கொல்லிமலையும் இல்லை, ஏற்காடும் இல்லை, ஜவ்வாது மலையும் இல்லை.

அப்படியானால் பழங்குடி நிலத்தை வெளியாள் வாங்குவதைத் தடுக்க மாநில அளவில் தனிச் சட்டமாவது போட்டிருக்கிறோமா? அதுவும் இல்லை. வருவாய் வாரிய நிலையாணை ஒன்றில் மலையாளிகளுக்கு ஒப்படைத்த நிலம் பற்றிக் கட்டுப்பாடு இருக்கிறது. நிலையாணை வேறு, சட்டசபையில் நிறைவேற்றிய சட்டம் வேறு. அந்தச் சந்துக்குள்தான் "எல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்ற குரல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பக்கத்து ஆந்திராவைப் பாருங்கள். அரக்கு பள்ளத்தாக்கு தெரியும்தானே, நம்மாட்கள் ரயிலில் போய் ரீல்ஸ் போடுகிற இடம். அங்கே பட்டியல் பகுதியில் பழங்குடி அல்லாதவர் நிலம் வாங்க முடியாது. 1959-இல் போட்ட ஒழுங்குமுறை, 1970-இல் இன்னும் இறுக்கினார்கள். அங்கே அதை '1/70 சட்டம்' என்றே கூப்பிடுகிறார்கள். எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பினாமி அங்கேயும் உண்டு. ஆனால் ஒரு ஏழைப் பழங்குடி கோர்ட் படி ஏறினால் கையில் பிடிக்க ஒரு காகிதம் இருக்கிறது. எழுபது என்றால் அவர்களுக்கு ஒரு சட்டம் ஞாபகம் வருகிறது. நமக்கு கொண்டை ஊசி வளைவு ஞாபகம் வருகிறது.

துபாயில் ஆளில்லாத மணலுக்கு 225 சதுர கிலோமீட்டரில் வேலி போட்டிருக்கிறார்கள். நாற்பதாயிரம் பேர் வாழ்கிற நம் 280 சதுர கிலோமீட்டருக்கு வாசல் கதவே கிடையாது. வேலி போட்டு மனுஷனை மான் மாதிரி அடைக்கச் சொல்லவில்லை. அவன் வீட்டுக்குள் நுழைகிறவன் அவனைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சட்டத்தில் எழுதுங்கள் என்கிறேன்.

ஏன் இப்போ அவசரம்?

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே பாதிக் கதவைச் சாத்தினால் அந்தக் கூட்டம் வீட்டிலேயே உட்கார்ந்து சீரியல் பார்க்குமா? அடுத்து எந்த மலை கிடைக்கும் என்று தேடும். அந்த நேரம் பார்த்து நாம் 'யாருக்கும் தெரியாத சொர்க்கம்' என்று மேப்போடு பதிவு போடுகிறோம்.

அந்த எழுபது வளைவு நமக்கு விளையாட்டு. மலையில் இருக்கிற ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் சிக்கல் என்றால், பெரிய ஆஸ்பத்திரிக்கு நாமக்கல்லோ சேலமோ இறங்க வேண்டும். இதே வளைவுகளில்தான் ஆம்புலன்ஸ் திரும்ப வேண்டும். நாங்கள் இறங்கும்போது ஒரு வளைவில் நாலு பைக்கை ரோட்டுக்கு நடுவில் நிறுத்தி ஸ்லோமோஷனில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள். எங்களுக்குப் பத்து நிமிஷம்தான் போச்சு. பின்னால் ஆம்புலன்ஸ் வந்திருந்தால்?

அப்போ யாரும் போகவே கூடாதா?

இப்படிக் கேட்டு மடக்கலாம் என்று நினைக்காதீர்கள். போங்கள். நானும் போவேன். புருஷன் பொண்டாட்டி ரெண்டு நாள் பிள்ளைகுட்டித் தொல்லை இல்லாமல் எங்காவது போவது ரொம்ப நல்ல விஷயம். அதைப் பாவம் என்று சொல்ல நான் சாமியார் இல்லை. நம் பதிவுலகில் பாதிக் குடும்பம் ஓடுவதே அந்த ரெண்டு நாளால்தான். எப்படிப் போகிறோம், வந்து என்ன எழுதுகிறோம் என்பதில்தான் என் சண்டை.

உள்ளூர்க்காரர் வீட்டில் அறை கிடைத்தால் அங்கே தங்குங்கள். டைல்ஸ் பளபளக்காது, கீசர் ஒருவேளை இருக்காது. சாப்பாடு நன்றாக இருக்கும். மிளகும் காபியும் தேனும் சந்தையில், விளைவித்தவர் கையில் வாங்குங்கள், அதுவும் பேரம் பேசாமல். சோப்பு ஷாம்பூ பாக்கெட்டை அருவிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆடி 17, 18-இல் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும், அப்போது போனால் மலை ஜனம் மொத்தத்தையும் பார்க்கலாம். ஆளில்லாத இடம் என்று அப்புறம் எழுத மாட்டீர்கள்.

பதிவர்களுக்கு மட்டும் தனியாக மூன்று விண்ணப்பம். ஒன்று, 'யாருக்கும் தெரியாத இடம்' என்று எழுதாதீர்கள். அங்கே பிறந்தவனுக்குத் தெரியும். ரெண்டு, எந்த நாடு, யார் வாழ்கிறார்கள், என்ன விளைகிறது என்று நாலு வரியாவது எழுதுங்கள். ரிசார்ட்டின் தலையணை உறைக்கு ஒரு பத்தி ஒதுக்குகிறோம், மனுஷனுக்கு நாலு வரி ஒதுக்கக் கூடாதா? மூன்று, அங்கே நிலம் மலிவு என்று தயவுசெய்து எழுதாதீர்கள். பின்னூட்டத்தில் யாராவது விலை கேட்டால் பதில் சொல்லாதீர்கள். நம் பதிவைப் படித்துவிட்டுப் போகிறவனில் பத்தில் ஒருத்தன் அந்த ரெண்டு செல்போன்காரர் பக்கத்தில் உட்காருவான். நான் உட்கார்ந்தேனே.

ஓரியைப் பற்றிச் சொன்னதால் அவன் கதையையும் முடித்துவிடுகிறேன். கடையெழு வள்ளல்களில் ஒருவன், கொல்லிமலைத் தலைவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்தவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவன் எப்படிச் செத்தான் என்பதை வேகமாகத் தாண்டிவிட்டோம். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். சொந்தக்காரனைத் தீர்த்துவிட்டு மலையை இன்னொருத்தனுக்குக் கைமாற்றிய கதை, அது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியது. அன்றைக்கு அதற்கு ஒரு போர் தேவைப்பட்டது. இன்றைக்கு ஒரு கேம்ப் ஃபயர் போதும்.

இளங்கோவடிகள் கணக்கில் பாலை என்பது தனி நிலம் இல்லை. குறிஞ்சியும் முல்லையும் தன் இயல்பு கெட்டால் பாலையாகும் என்பது அவர் கட்சி. ஷார்ஜாவில் உட்கார்ந்து இதை யோசித்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. பாலைவனத்தைப் பார்க்க நான் விமானம் ஏறி வந்தேன். ஊரில் அதைக் கையால் செய்துகொண்டிருக்கிறோம்.

அந்த இடத்தை வாங்கவில்லை என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. புரோக்கர் இன்னும் வாட்ஸப்பில் படம் அனுப்புகிறார். அடுத்த லீவில் குண்டனி நாட்டுக்குப் போவதாக இருக்கிறோம். தங்கமணி ஏற்கனவே ஒரு புடவை எடுத்து வைத்துவிட்டாள். இந்த முறை யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டால், "உங்களைத்தான் ஆயா" என்று சொல்வதாக ஒப்பந்தம்.

டிஸ்கி 1: ரிசார்ட் பெயரைக் கேட்டு வருகிற பின்னூட்டங்கள் வெளியிடப்பட மாட்டாது.

டிஸ்கி 2: கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்லும் என்பது ஐதீகம். நான் போனபோது சத்தமே இல்லை. சிரித்துச் சிரித்துக் களைத்துப்போயிருப்பாள் என்று நினைக்கிறேன்.

டிஸ்கி 3: கும்மி அடிக்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம். "வருமானம்" கட்சிக்காரர்கள், மேலே சொன்ன நூறு ரூபாய்க் கணக்கை உங்கள் கடைசி டிரிப்புக்குப் போட்டு எழுதிவிட்டு அப்புறம் திட்டுங்கள். காத்திருக்கிறேன்.